சென்சார் பொய் சொன்னால் இன்ஜின் யாரை நம்பும்?

காளையார்கோவிலிலிருந்து சிங்கப்பூருக்கும் சார்ஜாவுக்கும் பிழைக்கப் போகிறவர்களைச் சுமக்கும் ஜெட் இன்ஜின், தன் அளவுமானியே தவறாகக் காட்டினாலும் கட்டுக்குள் நிற்கிறது. அது எப்படி? எங்கே அந்தக் கட்டு அறுந்தது? இந்த வித்தையில் நாம் எங்கே நிற்கிறோம்?

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். அன்று மாலை திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737 விமானத்தில், மேலே ஏறிய சற்று நேரத்திலேயே ஹைட்ராலிக் கோளாறு. டேங்க் நிறைய எரிபொருளோடு அவசரமாக இறங்குவது ஆபத்து என்பதால், அதை எரித்துத் தீர்க்க இரண்டரை மணி நேரம் திருச்சி, புதுக்கோட்டை வானத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. தொலைக்காட்சிகள் நிமிடத்துக்கு நிமிடம் நேரலை செய்தன. உள்ளே நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். இரவு எட்டேகால் மணிவாக்கில் எல்லோரும் பத்திரமாகத் தரையிறங்கினார்கள்.

விமானிகளை ஊரே பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால், அந்த இரண்டரை மணி நேரமும் சொன்ன பேச்சைக் கேட்டு ஓடிய இரண்டு இன்ஜின்களைப் பற்றி யாரும் பேசவில்லை. சக்கரத்தையும் இறக்கையின் ஃப்ளாப்பையும் அசைக்கும் ஹைட்ராலிக் எண்ணெயை நம்பி அந்த இன்ஜின்கள் இல்லை. எரிபொருள் வால்வைத் திறக்கவும் மூடவும் அந்த எரிபொருளின் அழுத்தத்தையே அவை பயன்படுத்திக்கொள்கின்றன. இன்ஜினை ஆளும் கணினிக்கு வேண்டிய மின்சாரத்தை இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஒரு சின்ன ஆல்டர்னேட்டரே தருகிறது. விமானத்தில் வேறு எது கெட்டாலும் இன்ஜினின் கட்டுப்பாடு கெடக்கூடாது என்று எவரோ தரையில் உட்கார்ந்து யோசித்து வைத்த ஏற்பாடு இது.

காளையார்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு இது தூரத்து சங்கதி இல்லை. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கண்மாய் வறண்டுவிடும். கண்மாய் வறண்டால் பிழைப்புக்கு வெளியே போக வேண்டியதுதான். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று ஆள் போகாத தெரு சிவகங்கை மாவட்டத்தில் அரிது. அவர்களுக்கெல்லாம் வாசல் மதுரை அல்லது திருச்சி விமான நிலையம். பெல்ட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடும் அந்தப் பயணிகள் தங்கள் உயிரை ஒப்படைப்பது விமானியிடம் மட்டும் அல்ல. இன்ஜினின் மேல் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும் ஒரு கணினிப் பெட்டியிடமும்தான். அந்தப் பெட்டிக்குக் கண்ணும் காதும் சென்சார்கள். அவை பொய் சொன்னால்?

அடங்காத நெருப்பு

செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷார் போட்ட ஓடுதளத்தின் மிச்சம் இருக்கிறது. அந்தக் காலத்துப் போர் விமானங்கள் பெரும்பாலும் பிஸ்டன் இன்ஜின் கொண்டவை. விமானி கைப்பிடியை முன்னே தள்ளினால் கம்பியும் தண்டும் இழுத்து எரிபொருளைக் கூட்டும். இன்ஜின் எப்படி இருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தும் மீட்டர் முள்ளை வைத்தும் அவரே தீர்மானித்துக்கொள்வார். ஜெட் இன்ஜினிடம் இது பலிக்காது.

பலிக்காது என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. 1937 ஏப்ரல் 12. இங்கிலாந்தின் ரக்பி நகரத்தில் ஃபிராங்க் விட்டில் தன் ஜெட் இன்ஜினை முதன்முறையாக ஓட்டிப் பார்த்தார். அது வேகம் எடுத்தது, எடுத்துக்கொண்டே போனது. வால்வை மூடிய பிறகும் அடங்கவில்லை. சுற்றி நின்றவர்கள் தெறித்து ஓடினார்கள். எரியறைக்குள் கசிந்து தேங்கியிருந்த எரிபொருள்தான் வால்வை மூடிய பிறகும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே எவ்வளவு எரிபொருள் போகிறது என்பதன் மேல் முழுப் பிடி இல்லையென்றால் ஜெட் இன்ஜின் யார் பேச்சையும் கேட்காது என்பதுதான் அன்றைய பாடம்.

காரணம் இதுதான். முன்னால் கம்ப்ரஸர் காற்றை உள்ளே இழுத்து அழுத்துகிறது. நடுவில் எரிபொருள் எரிகிறது. பின்னால் சூடான வாயு டர்பைனைச் சுழற்றுகிறது. அந்த டர்பைன்தான் அதே தண்டின் வழியாகக் கம்ப்ரஸரையும் சுழற்றுகிறது. ஒன்றை ஒன்று தூண்டிக்கொண்டே இருக்கும் இந்தச் சுற்றில் எரிபொருளை ஒரேயடியாகக் கூட்டினால், கம்ப்ரஸருக்குள் காற்று தடுமாறி எதிர்த்திசையில் பீறிடும். ‘சர்ஜ்’ என்று சொல்கிறார்களே, வெடிச் சத்தத்தோடு வருவது, அது இதுதான். ஒரேயடியாகக் குறைத்தால் நெருப்பு அணைந்துவிடும். நிதானம் தவறி அதிக நேரம் அதிக சூட்டில் ஓட்டினால் டர்பைன் இதழ்கள் நீண்டு, தேய்ந்து, உடையும். எரியறையிலிருந்து வரும் வாயுவின் சூடு, இதழ் செய்யப்பட்ட உலோகத்தின் உருகுநிலையையே தாண்டியது. இதழுக்குள் துளைகள் போட்டுக் குளிர்க்காற்றைச் செலுத்தித்தான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

திருச்சியில் வட்டமடித்த 737 ரகத்தில் இருப்பது சிஎஃப்எம்56-7பி இன்ஜின். அதன் உயர் அழுத்தத் தண்டு நூறு சதவீத வேகத்தில் நிமிடத்துக்கு 14,460 முறை சுற்றும். முன்னால் இருக்கும் பெரிய விசிறி 5,175 முறை. வெளியேறும் வாயுவின் சூட்டுக்கு உச்ச வரம்பு 950 டிகிரி செல்சியஸ். இந்த எண்களுக்கு நடுவே, கொதிக்கும் தார் ரோட்டிலிருந்து உறைபனி உயரம் வரை இன்ஜினை ஓட்ட வேண்டும். மனிதக் கைக்கு அந்த நிதானம் கிடையாது.

ஒரு பெட்டி, இரண்டு கணினி

ஆரம்பத்தில் இந்த வேலையை ஸ்பிரிங், கேம், கவர்னர் எல்லாம் அடங்கிய ஒரு கனமான இயந்திரப் பெட்டி செய்தது. கன்கார்ட் விமானத்தில் மின்னணுக் கட்டுப்பாடு வந்தது. 1984-ல் போயிங் 757-ல் பறக்க ஆரம்பித்த பிராட் அண்ட் விட்னியின் பிடபிள்யூ2037 இன்ஜின், முழுப் பொறுப்பையும் டிஜிட்டல் கணினியிடமே கொடுத்த முதல் பயணிகள் விமான இன்ஜின். இந்த ஏற்பாட்டுக்கு ஃபேடெக் என்று பெயர். இன்று மதுரையிலும் திருச்சியிலும் வந்திறங்கும் ஜெட் விமானங்களில் எல்லாம் இதுதான்.

விமானி லீவரைத் தள்ளும்போது அவர் எரிபொருளைக் கூட்டுவதில்லை. ‘இவ்வளவு உந்துவிசை வேண்டும்’ என்று கணினியிடம் கேட்கிறார். எவ்வளவு எரிபொருள், எவ்வளவு வேகமாக, கம்ப்ரஸரின் அசையும் இதழ்கள் எந்தக் கோணத்தில் என்பதெல்லாம் கணினியின் கணக்கு. விநாடிக்குப் பலமுறை அது கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

பெட்டி ஒன்றுதான், உள்ளே கணினி இரண்டு. ‘ஏ’ சேனல், ‘பி’ சேனல் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மின்சாரம், தனி வயரிங். முக்கியமான அளவுகளுக்குத் தனித்தனி சென்சார். ஒன்று இன்ஜினை ஆளும். மற்றது எல்லாவற்றையும் கூடவே கணக்கிட்டுக்கொண்டு தயாராக இருக்கும். காத்திருக்கிற சேனல் கெட்டுப்போனதே தெரியாமல் கிடந்துவிடக்கூடாது அல்லவா? அதனால் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் பொறுப்பை மாற்றிக்கொள்வார்கள்.

‘ஏ’ சேனலின் ஒரு சென்சார் செத்துப்போனால் உடனே ‘பி’ பொறுப்பேற்றுவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. ‘ஏ’ முதலில் ‘பி’யிடம் அந்த ஒரு அளவை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு தன் வேலையைத் தொடரும். ஒரு சின்னக் குறைக்காக முழுப் பொறுப்பையும் கை மாற்றினால், நாளைக்கு ‘பி’க்கு ஒரு குறை வரும்போது திரும்பிப் போக இடம் இருக்காது. கையில் இருப்பதைக் கடைசி வரை செலவழிக்காமல் வைத்திருப்பதுதான் இந்த வடிவமைப்பின் சூட்சுமம்.

சென்சார் எப்படிச் சாகிறது?

வெப்பத்தை அளப்பது தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்தால், சூட்டுக்கு ஏற்ப மில்லிவோல்ட் கணக்கில் மின்னழுத்தம் பிறக்கும். அதை அளந்து சூட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். கம்பி அறுந்தால் மின்னழுத்தம் இல்லை. கணினி அதை அப்படியே நம்பினால் ‘இன்ஜின் குளிர்ந்துவிட்டது’ என்று முடிவு கட்டி எரிபொருளைக் கூட்டிவிடும். கெட்டுப்போன சென்சார் ஆபத்தில்லாத திசையில்தான் பொய் சொல்லும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அழுத்தத்தை அளக்கும் மெல்லிய குழாயில் பனியோ அழுக்கோ அடைக்கலாம். வேகத்தை அளக்கும் காந்தச் சுருளில் குறுக்குச் சுற்று ஏற்படலாம். பல சமயம் சென்சார் நன்றாகவே இருக்கும். அதிலிருந்து வரும் வயரோ, வயர் வந்து சேரும் கனெக்டரோ கெட்டிருக்கும். அதிர்வு, சூடு, ஈரம், கடற்காற்றின் உப்பு எல்லாம் சேர்ந்து கனெக்டரின் ஊசிமுனையில் அரிமானத்தை உண்டாக்கும்.

அரிமானம் என்றதும் நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் காரைக்குடி நினைவுக்கு வர வேண்டும். அழகப்பச் செட்டியார் கொடுத்த முந்நூறு ஏக்கர் நிலத்தில் எழுந்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று, உலோகம் எப்படி அரிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்பது. மண்டபத்தின் உப்புக் காற்றில் உலோகத் துண்டுகளை வைத்து அரிமானத்தை அளப்பது அவர்களுடைய வழக்கம். அந்த நிலத்தைக் கொடுத்த அழகப்பரே ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தியவர்.

சட்டென்று சாகும் சென்சாரைக் கண்டுபிடிப்பது எளிது. இருக்கவே முடியாத எண்ணைக் காட்டும். அல்லது ஒரு விநாடியில் எகிறும், விழும். 600 டிகிரியில் இருந்த வாயு கண் இமைக்கும் நேரத்தில் சுழியத்துக்கு வந்துவிட முடியாது என்று கணினிக்குத் தெரியும்; ஒதுக்கிவிடும். பயப்பட வேண்டியது மெல்ல மெல்ல விலகும் சென்சாருக்குத்தான். இன்று 5 டிகிரி, அடுத்த மாதம் 15 டிகிரி என்று கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஒவ்வொரு எண்ணும் நம்பும்படியாகவே இருக்கும்.

இருவர் சொல் முரண்பட்டால்

‘ஏ’ சேனல் 820 டிகிரி என்கிறது. ‘பி’ சேனல் 870 என்கிறது. இரண்டும் நடக்கக்கூடிய எண்களே. யார் சொல்வது உண்மை?

மூன்றாவதாக ஒரு சென்சார் வைத்துவிட்டால் போயிற்று, இரண்டு பேர் சொல்வதை நம்பலாம் என்று தோன்றும். விமானத்தின் வேறு சில இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால், இன்ஜினுக்குள் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு துளை, ஒரு வயர், ஒரு எடை. கெட்டுப்போக இன்னும் ஒரு பொருள். அதனால் மூன்றாவது சாட்சியைக் கணக்கிலிருந்து கொண்டுவந்தார்கள்.

காளையார்கோவில் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியை எடுத்துக்கொள்வோம். எவ்வளவு மழை பெய்தது, வரத்துக்கால் எவ்வளவு ஓடியது, எத்தனை நாள் மடை திறந்திருந்தது என்பது அவருக்குத் தெரியும். அளவுக்கல்லைப் பார்க்காமலேயே ‘தண்ணி இந்நேரம் இங்கே நிக்கணும்’ என்று சொல்லிவிடுவார். கல் வேறு மாதிரி காட்டினால், கல் சாய்ந்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பார். கணினி செய்வதும் இதேதான். எவ்வளவு எரிபொருள் போகிறது, தண்டுகள் எவ்வளவு வேகத்தில் சுற்றுகின்றன, வெளிக்காற்றின் சூடும் அழுத்தமும் என்ன என்பதை வைத்து, ‘இந்த நிலையில் வாயுவின் சூடு இவ்வளவுதான் இருக்க முடியும்’ என்று அது கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு 825 என்று சொன்னால் ‘ஏ’ பிழைத்தது, ‘பி’ ஒதுக்கப்பட்டது.

இதற்காகக் கணினிக்குள் இன்ஜினின் கணித உருவம் ஒன்று எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். நிஜ இன்ஜினுக்கு என்ன கட்டளை போகிறதோ அதே கட்டளை இந்தக் கணித இன்ஜினுக்கும் போகும். இரண்டும் என்ன சொல்கின்றன என்று ஒப்பிட்டு, கிடைக்கிற அளவுகளில் எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் வழியை, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ருடால்ஃப் கால்மன் 1960-ல் எழுதிக் கொடுத்தார். நிலவுக்குப் போன அப்பல்லோவுக்கு வழிகாட்டியதும் அதே கணக்குத்தான்.

இன்ஜினில் இதை விரிவாகச் சோதித்துக் காட்டியது, கிளீவ்லாந்தில் இருக்கும் நாசாவின் லூயிஸ் ஆராய்ச்சி மையம். இன்று அதன் பெயர் கிளென் மையம். 1980-களில் எஃப்100 என்ற போர் விமான இன்ஜினை எடுத்துக்கொண்டு, இரண்டு சுழல்வேகம், இரண்டு அழுத்தம், ஒரு வெப்பநிலை என ஐந்து சென்சார்களை வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தார்கள். எது கெட்டது என்று கண்டுபிடிப்பது, அதைத் தனிமைப்படுத்துவது, அதன் இடத்தில் கணக்கிட்ட மதிப்பை வைத்து ஓட்டுவது. இந்த மூன்று படிகளும்தான் இன்றைக்கும் அடிப்படை.

இரண்டு சேனலுக்கும் ஓர் அளவு கிடைக்கவே இல்லை என்றாலும் வழி இருக்கிறது. 737 விமானத்தில் வெளிக்காற்றின் அளவுகள் நம்ப முடியாமல் போனால், கணினி முதலில் கடைசியாகக் கிடைத்த நல்ல அளவைப் பிடித்துக்கொண்டு ஓட்டும். காக்பிட்டில் மாற்று முறை விளக்கு எரியும். அடுத்த கட்டத்தில், வெளியே வெயில் நாள் என்று தானாகவே வைத்துக்கொண்டு, நிலையான ஒரு கணக்குக்கு மாறும். இந்த முறையில் லீவரின் அதே நிலைக்கு வழக்கத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ உந்துவிசை கிடைக்கும்; குறையாது. துல்லியம் போகட்டும், விமானம் மேலே ஏறும் பலம் போகக்கூடாது என்று முன்பே எடுத்த முடிவு அது. விமானி செய்ய வேண்டியது, வரம்பைத் தாண்டாமல் லீவரைப் பார்த்துத் தள்ளுவது.

ஒரே சாட்சியை நம்பியதன் விலை

இப்படி யோசிக்காமல் விட்ட இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் கிடக்கின்றன.

1982 ஜனவரி 13, வாஷிங்டன். கொட்டும் பனியில் கிளம்பியது ஏர் ஃபுளோரிடாவின் 737. இன்ஜினின் பனிநீக்கி போடப்படவில்லை. முன்பக்க அழுத்தத்தை அளக்கும் குழாயைப் பனி அடைத்துக்கொண்டது. முன்பக்க அழுத்தத்தையும் பின்பக்க அழுத்தத்தையும் ஒப்பிட்டு உந்துவிசையைக் காட்டும் மீட்டர், அதனால் 2.04 என்று காட்டியது. உண்மையில் இருந்தது சுமார் 1.70. விமானிகள் முழு பலம் இருப்பதாக நம்பினார்கள். விமானம் மேலே ஏற முடியாமல் ஒரு பாலத்தில் மோதி, போடோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்தவர்களையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். அந்த நேரத்தில் சுழல்வேகம், வாயுச் சூடு, எரிபொருள் ஓட்டம் ஆகியவற்றின் மீட்டர்கள் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தன. அவற்றோடு ஒப்பிட்டிருந்தால் பொய் வெளிப்பட்டிருக்கும். அந்த இன்ஜினில் ஒப்பிட்டுச் சொல்லக் கணினி இல்லை, விமானிகளும் ஒப்பிடவில்லை.

2009 பிப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாம். துருக்கி ஏர்லைன்ஸின் 737 இறங்கிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து சுமார் 1,950 அடி உயரத்தில், இடப்பக்க ரேடியோ உயரமானி திடீரென்று மைனஸ் 8 அடி என்று காட்டியது. வலப்பக்க உயரமானி சரியாக இருந்தது. ஆனால், தானாக லீவரை இயக்கும் ஆட்டோ த்ராட்டில் இடப்பக்கத்தை மட்டுமே நம்பியது. ‘ஓடுதளம் வந்துவிட்டது’ என்று இரண்டு இன்ஜின்களையும் அடக்கிவிட்டது. விமானிகள் வேகம் குறைந்ததைக் கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. ஒன்பது பேர் இறந்தார்கள். இன்ஜின்கள் இரண்டும் ஆரோக்கியமாகவே இருந்தன. சொன்னதைச் செய்தன.

2018 அக்டோபரில் லயன் ஏர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ். இரண்டும் போயிங் 737 மேக்ஸ். விமானத்தின் மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று காட்டும் சென்சார்கள் இரண்டு இருந்தும், மூக்கை அழுத்தும் மென்பொருள் ஒன்றை மட்டுமே கேட்டது. 346 உயிர்கள். இன்னொன்றைக் கேள் என்று மென்பொருளில் எழுதிச் சேர்க்கும் வரை உலகெங்கும் அந்த ரக விமானங்கள் தரையில் நின்றன.

சென்சார் நலமாக இருந்தும் விபத்து நேரலாம். 2015 மே 9, ஸ்பெயினின் செவில் நகரம். ஏர்பஸ்ஸின் ஏ400எம் ராணுவச் சரக்கு விமானம் சோதனைப் பறப்பில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். நான்கு இன்ஜின்களில் மூன்றின் கணினியில், முறுக்குவிசை சென்சார் அனுப்பும் சிக்னலைப் படிக்க உதவும் அளவீட்டுக் கோப்புகள் மென்பொருள் ஏற்றும்போது அழிந்திருந்தன. சென்சார் பேசியது, கணினிக்கு அது புரியவில்லை. இன்ஜின்கள் விமானியின் கட்டளைக்கு மசியவில்லை.

மனிதன் சென்சாரைவிட நல்ல நீதிபதி என்றும் சொல்லிவிட முடியாது. 1989 ஜனவரி 8-ல் இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்த பிரிட்டிஷ் மிட்லாண்ட் விமானத்தில் இடப்பக்க இன்ஜினின் விசிறி இதழ் உடைந்தது. அதிர்வு மீட்டர் இடப்பக்கத்தைத்தான் காட்டியது. விமானிகள் நல்ல நிலையில் இருந்த வலப்பக்க இன்ஜினை அணைத்துவிட்டார்கள். 47 பேர் இறந்தார்கள்.

அகமதாபாத்துக்குப் பிறகு ஒரு கேள்வி

2025 ஜூன் 12-ல் அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விழுந்து 260 பேர் இறந்த பிறகு, ‘இன்ஜின் கணினி தானாகவே இன்ஜினை அணைத்துவிடுமா?’ என்று டீக்கடை வரை கேட்டார்கள். முதற்கட்ட அறிக்கை சொல்வது இவ்வளவு: இரண்டு இன்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் ‘கட்’ நிலைக்குப் போயின. சுமார் பத்து விநாடிகளில் மறுபடி ‘ரன்’ நிலைக்கு வந்தன. அதன் பின் ஃபேடெக் தானாகவே மறுபடி பற்றவைக்கும் வேலையைத் தொடங்கியது. உயரமோ நேரமோ இல்லை.

இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளலாம். இன்ஜின் கணினி சென்சாரைச் சந்தேகிக்கும். எரிபொருளை நிறுத்தும் சுவிட்சைச் சந்தேகிக்காது. இன்ஜின் தீப்பிடித்தால் மனிதக் கை உடனே அணைக்க வேண்டும் என்பதால் அந்த அதிகாரத்தைக் கணினியிடம் பறிகொடுக்கவில்லை. யாரைக் கேள்வி கேட்பது, யாருக்குக் கீழ்ப்படிவது என்று வடிவமைப்பில் ஒவ்வொன்றும் எண்ணி எழுதப்பட்டது.

காவிரியும் விக்ரமும்

இந்த வித்தையில் இந்தியா எங்கே? பெங்களூரின் எரிவாயு டர்பைன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஜெட் இன்ஜினுக்கு நம் ஆற்றின் பெயர்: காவிரி. தேஜஸ் போர் விமானத்துக்காக 1989-ல் 382.81 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. எடையிலும் உந்துவிசையிலும் எதிர்பார்த்த அளவை எட்டாததால், 2008-ல் அது தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கோவை சூலூரிலிருந்து பறக்கும் தேஜஸுக்குள் இருப்பது அமெரிக்காவின் ஜிஇ எஃப்404.

காவிரியைத் தோல்வி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த இன்ஜினுக்கான டிஜிட்டல் கட்டுப்பாட்டுப் பெட்டியை நம்மவர்களே செய்தார்கள். 2010 நவம்பரில் மாஸ்கோவுக்கு அருகே, ஐஎல்-76 விமானத்தின் நான்கு இன்ஜின்களில் ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் காவிரியை மாட்டிப் பறக்கவிட்டபோது, நம் நாட்டில் எழுதிய கட்டுப்பாடும் கூடவே பறந்தது. ஆளில்லா விமானத்துக்கான வடிவத்தில் காவிரியின் வேலை இன்றும் தொடர்கிறது. அடுத்த தலைமுறை இன்ஜினைப் பிரான்ஸின் சாஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து செய்வதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தார் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங்.

கெட்டுப்போவதை முன்கூட்டியே எண்ணிச் செய்வதில் நமக்கு இன்னொரு நல்ல சான்றும் உண்டு. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் இறங்கும்போது நொறுங்கியது. அடுத்த முறை, ‘என்ன கெடலாம்?’ என்ற கேள்வியிலிருந்தே வடிவமைப்பைத் தொடங்கினார்கள். எல்லா சென்சார்களும் செயலிழந்தாலும், இன்ஜின் வேலை செய்தால் விக்ரம் தரையிறங்கும் என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத் முன்கூட்டியே சொன்னார். 2023 ஆகஸ்ட் 23-ல் புதிய விக்ரம் நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்; அப்பா ரயில்வேயில் டெக்னீஷியன்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு வழி அடைபடவில்லை. இன்ஜினின் உலோகத்தை வார்ப்பதற்குப் பெரிய முதலீடு வேண்டும். கட்டுப்பாட்டுக் கணக்கை எழுதவும் சென்சாரைச் சோதிக்கவும் அந்த அளவுக்கு வேண்டாம். கணிதமும் பொறுமையும் ஆய்வகமும் இருந்தால் தொடங்கலாம். காரைக்குடியில் 1952-லேயே தொடங்கிய அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரி இருக்கிறது. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரண்டையும் பெங்களூரின் இன்ஜின் ஆய்வகங்களோடு இணைத்து, சென்சார் கோளாறு ஆராய்ச்சிக்கென்று ஒரு மையம் தொடங்கும்படி மாநில அரசும் மத்திய அரசும் பேச வேண்டும். இன்ஜினைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அது கெடும்போது எப்படி யோசிக்க வேண்டும் என்ற கணக்கை எந்த நாடும் விலைக்குக் கொடுக்காது.

பயணிகளுக்கும் ஒரு வார்த்தை. இன்ஜின் கணினி தன் ஒவ்வொரு குறையையும் பதிந்துவைக்கிறது. எந்தக் குறையோடு பறக்கவே கூடாது, எதோடு சில நாள் பறக்கலாம், எதை அடுத்த பராமரிப்பு வரை விடலாம் என்று விதிகள் வகைப்படுத்தியிருக்கின்றன. திருச்சியிலோ மதுரையிலோ ‘தொழில்நுட்பக் காரணத்தால் தாமதம்’ என்று அறிவித்தால், அந்தப் பட்டியலில் உங்கள் விமானம் எங்கே நிற்கிறது என்று ஒருவர் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் போய்ச் சண்டை போட வேண்டாம். விமானம் தரையில் நிற்கும்வரை கெட்ட சென்சார் யாரையும் கொல்லாது.